குழாயில் இரண்டு தட்டு: காவேரிப்பட்டினத்திலிருந்து ஓசூர் வரை ஒரு கோபப் பயணம்

போன ஜூன் இரண்டாவது வாரம், மாம்பழ சீசன் உச்சத்தில் இருந்தபோது, சேலத்திலிருந்து காவேரிப்பட்டினத்துக்கும், அங்கிருந்து ராயக்கோட்டை வழியாக ஓசூருக்கும் பைக்கில் போய் வந்தேன். மூன்று நாள், மொத்தம் 365 கிலோமீட்டர். கே.ஆர்.பி. அணை எப்படி இருக்கிறது, கோட்டைக்கு ஏறலாமா என்று தேடி இங்கே வந்தவர்கள் மன்னிக்கவும். அணையைத் தூரத்திலிருந்துகூடப் பார்க்கவில்லை. ஆலைகளுக்கு வேலையாகப் போகும் கருவியியல் ஆட்களுக்காக எழுதும் வலைப்பூ இது. இந்த முறை வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன்.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். காவேரிப்பட்டினத்துக்கு அருகில் ஒரு மாம்பழக்கூழ் ஆலை இருக்கிறது. பெயர் வேண்டாம். அங்கே பத்து டன் கொதிகலன் ஒன்று. அதன் டிரம்மில் தண்ணீர் மட்டம் ஏறாமல் இறங்காமல் இருக்க, தண்ணீர் வால்வைத் தானாகத் திறந்து மூடும் கன்ட்ரோலரை ஜனவரியில் அமைத்துக் கொடுத்தவள் நான். ஜூனில் ஓசூர் அலுவலகத்திலிருந்து உற்பத்தித் தலைவர் பிரபாகர் போன் செய்தார். “உங்க கன்ட்ரோலர் பத்து நாள்ல நாலு தடவ பிளான்ட்ட நிறுத்திடுச்சு மேடம். வந்து பாருங்க” என்றார். குரலில் இருந்த ‘உங்க’ எனக்குச் சுருக்கென்று தைத்தது.

காலை 5.10-க்குக் கிளம்பினேன். ஓமலூர் தாண்டி ஒரு டீ, 15 ரூபாய். தொப்பூர் கணவாய் வளைவுகளில் லாரிகளுக்குப் பயந்தபடி ஏறும்போது என் வேலையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பைக் ஓட்டுகிறவர்கள் தெரிந்தோ தெரியாமலோ ஒன்றைச் செய்கிறார்கள். வேகமாகப் போகும்போது இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால், ஹேண்டில்பாரை முதலில் ஒரு மயிரிழை வலப்பக்கம் தள்ளுகிறோம். சக்கரம் வலப்பக்கம் போகிறது. வண்டி இடப்பக்கம் சாய்கிறது. பிறகுதான் இடப்பக்கம் திரும்புகிறது. இப்படி முதலில் தப்பான திசையில் போய், அதன்பின் சரியான திசைக்கு வருகிறவற்றை எங்கள் துறையில் நான்-மினிமம் ஃபேஸ் அமைப்பு என்பார்கள். போதாக்குறைக்கு, இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஹேண்டிலைத் தள்ளுகிற அதே தள்ளலை எண்பதில் தள்ளினால் பள்ளத்தில் கிடப்போம். வேகத்துக்கு வேகம் குணம் மாறுகிறது. அதை நேரியலற்ற அமைப்பு என்பார்கள். இந்த இரண்டு குணமும் ஒன்றாக உள்ள எதற்கும் கன்ட்ரோலர் வடிவமைப்பது தலைவலி. கொதிகலன் டிரம்முக்கு இரண்டும் உண்டு.

ஆலைக்கு 98 கிலோமீட்டர், 7.40-க்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் தொடங்கி சர்வீஸ் ரோடு முழுக்க பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் நின்றன. ஒரு விவசாயி என் பைக்கில் இருந்த கருவிப் பெட்டியைப் பார்த்துவிட்டு, “ரிப்பேருக்கா வந்திருக்கீங்க? நேத்து மத்தியானத்துல இருந்து நிக்கிறோம். காய் வெந்துபோச்சு. சீக்கிரம் பாருங்கம்மா” என்றார். பராமரிப்பு மேற்பார்வையாளர் செல்வம் வந்து உள்ளே அழைத்துப்போனார்.

கொதிகலன் அறையில் ஜனவரியில் நான் பார்த்த ஆபரேட்டர் திம்மராயன் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் இருந்தார். வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறதாம். “திம்மராயன் எங்கே?” என்று கேட்டேன். “லீவு” என்றார் செல்வம், என் முகத்தைப் பார்க்காமல்.

9.40-க்கு மூன்றாம் லைனைத் திறந்தார்கள். கூழைச் சூடாக்கும் மூன்று லைன்களில் அதுதான் பெரியது, நீராவியை மடமடவென்று குடிப்பது. திரையில் தண்ணீர் மட்டம் ஐம்பது சதவீதத்திலிருந்து விறுவிறுவென்று எழுபதைத் தாண்டியது. யாரும் தண்ணீர் கூட்டவில்லை. சோடா பாட்டிலைத் திறந்தால் பொங்குகிறதே, அதே கதைதான். நீராவியை இழுத்ததும் அழுத்தம் குறைகிறது, தண்ணீருக்குள் குமிழ்கள் பெருகுகின்றன, மட்டம் உப்புகிறது. உண்மையில் டிரம்மில் தண்ணீர் குறைந்துகொண்டிருக்கிறது. நான் அமைத்த கன்ட்ரோலருக்கு அது தெரியவில்லை. மட்டம் ஏறிவிட்டது என்று வால்வை மூடியது. அரை நிமிடத்தில் குமிழ் அடங்கியது, மட்டம் சரிந்தது. இப்போது பதறிப்போய் வால்வை முழுக்கத் திறந்தது. பொங்கும் உலையில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பொங்கல் அமுங்குவதுபோல், ஊற்ற ஊற்ற மட்டம் இன்னும் இறங்கியது. இருபத்தைந்து சதவீதத்தில் பாதுகாப்பு ட்ரிப் அடித்துக் கொதிகலன் நின்றது. அது நின்றதால்தான் நாங்கள் பிழைத்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். தண்ணீர் இல்லாத கொதிகலன் பக்கத்தில் நிற்பதைவிட நடு ஹைவேயில் படுத்துக்கொள்ளலாம்.

சைரன் அடங்கியதும் மூன்று லைனும் நின்றன. அரைவேக்காட்டுக் கூழைச் சாக்கடையில் விட்டார்கள். கேட்டுக்கு வெளியே டிராக்டர்காரர்கள் கத்துவது உள்ளே வரை கேட்டது. எனக்குக் காது சுட்டது. ஜனவரியில் ஆலையில் காயே இல்லை. முதல் லைனில் மட்டும் வெறும் தண்ணீரை ஓட்டி, அந்தக் குறைந்த சுமையில் எண்களைச் சரிபார்த்து, அருமையாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனேன். இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, எண்பதிலும் இப்படித்தான் என்று எழுதிக் கொடுத்த முட்டாள்தனம் அது. சீசனில் வந்து மறுபடி பார்க்க வேண்டும் என்று அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தேன்தான். எழுதியதோடு சரி, ஒரு போன் செய்து ஞாபகப்படுத்தவில்லை.

டீ இடைவேளையில் மூன்றாம் லைனில் வேலை செய்யும் ராஜம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நாற்பது வயதிருக்கும். ஒன்பது சீசன் பார்த்தவர்.

“ஏன் மேடம், போன வருசம் இதே பாய்லர், இதே லைனு. ஒரு நாளும் நின்னதில்ல, தெரியுமா?”

“அப்போ எப்படி ஓட்டினீங்க?”

“லைன் தொறக்கறதுக்கு முன்னாடி நான் ஸ்பேனர எடுத்து ஸ்டீம் பைப்புல ரெண்டு தட்டு தட்டுவேன். அங்க பாய்லர்ல திம்மராயண்ணனுக்குக் கேக்கும். அது முன்கூட்டியே தண்ணிய கொஞ்சம் தொறந்து வெச்சிட்டு, திருப்பி ஒரு தட்டு தட்டும். அப்புறந்தான் நான் வால்வுல கையே வெப்பேன். இப்ப மெஷின் வந்திருச்சு, அதே பாத்துக்கும், தட்டாதீங்கன்னுட்டாங்க.”

கையில் இருந்த டீயை வைத்துவிட்டேன். வரப்போகும் சுமையை முன்னாலேயே அறிந்து கை வைப்பதற்கு எங்கள் பாடப்புத்தகங்களில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. நான்-மினிமம் ஃபேஸ் அமைப்புக்கு அதைவிட நல்ல வைத்தியம் கிடையாது. ஒரு ஸ்பேனரும் இரண்டு காதும் வைத்துக்கொண்டு இவர்கள் அதை வருடக்கணக்காகச் செய்திருக்கிறார்கள். நான் வந்து அதைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

“திம்மராயன் நிஜமாவே லீவா?”

“லீவா? சஸ்பென்ட் பண்ணிட்டாங்க மேடம். ஓசூர் சார் போன்ல தண்ணிய கொறைக்கச் சொன்னாராம். அண்ணன் முடியாதுன்னுச்சாம். நாளைக்கு அங்க விசாரணை.”

கணினியில் பதிவான பழைய வரைபடங்களைத் தோண்டினேன். அந்த நாளைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆனது. மே கடைசி வாரம், மதியம் 2.16. மூன்றாம் லைன் திறக்கிறது. திம்மராயன் கன்ட்ரோலரைக் கைமுறைக்கு மாற்றித் தண்ணீரைக் கூட்டியிருக்கிறார். மட்டம் எழுபத்து நான்குக்கு உப்புகிறது. அவர் வால்வைத் தொடவில்லை. இரண்டரை நிமிடத்தில் தானாக இறங்கி ஐம்பத்திரண்டில் நிற்கிறது. இதைவிட அழகான ஒரு வரைபடத்தை என் பதினெட்டு வருட வேலையில் நான் போட்டதில்லை. இதற்காகவா ஒரு மனிதரை வீட்டுக்கு அனுப்புவார்கள்?

பிரபாகருக்குப் போன் போட்டேன். “அது எச்.ஆர். விஷயம் மேடம். நீங்க நம்பர மட்டும் மாத்திட்டுக் கெளம்புங்க” என்று வைத்துவிட்டார். இப்போதைக்குக் கன்ட்ரோலரை மந்தமாக்கி, மூன்றாம் லைனை ஐந்து நிமிடம் எடுத்து மெதுவாகத்தான் திறக்க வேண்டும் என்று செல்வத்திடம் எழுதி வாங்கினேன். மூன்று மணிக்குக் கிளம்பினேன்.

காவேரிப்பட்டினத்திலிருந்து கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை வழியாக உத்தனப்பள்ளிக்கு 57 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். ராயக்கோட்டைக்கு அப்புறம் ரோடு நன்றாக இருக்கிறது. தக்காளி ஏற்றிய வண்டிகள் மட்டும் வளைவில் நடு ரோட்டில் வரும், ஹாரன் அடிக்கத் தயங்க வேண்டாம். கிருஷ்ணகிரியில் சாப்பாடு 90 ரூபாய். என்ன சாப்பிட்டேன் என்று ஞாபகமில்லை.

திம்மராயன் வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. பாய்லர்காரர் வீடு என்றால் எல்லோருக்கும் தெரிகிறது. அவர் மனைவி, “ரண்டி, கூர்ச்சோண்டி” என்று தெலுங்கில் உட்காரச் சொல்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, பக்கத்துத் தக்காளித் தோட்டத்தில் கூலிக்கு மருந்தடித்துக்கொண்டிருந்த அவரைக் கூப்பிட்டு வந்தார். சுவரில் ஒரே ஒரு சட்டம் மாட்டியிருந்தது. உள்ளே அவருடைய கொதிகலன் ஆபரேட்டர் சான்றிதழ். அந்தத் தெருவில் தோட்டக் கூலிக்குப் போகாமல் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர் என்று அந்த அம்மா சொன்னார். திம்மராயன் கை கழுவிவிட்டு வந்து, மெமோவை என்னிடம் நீட்டினார்.

மேலதிகாரியின் உத்தரவை மீறியது முதல் குற்றச்சாட்டு. இணைப்பு ஒன்று, வரைபடத்தின் படம். மட்டம் ஏறினால் ஓசூரில் பிரபாகரின் செல்போனுக்குச் செய்தி போகும், அதைப் பார்த்து அவர் அதிலேயே எடுத்தது. மட்டம் எழுபத்து நான்கில் இருக்கிறது. அதோடு படம் முடிந்துவிடுகிறது. உச்சியில் இருக்கும்போது எடுத்த படம்! அடுத்த இரண்டு நிமிடத்தில் என்ன நடந்தது என்று பார்க்கக்கூட அந்த மனிதருக்குப் பொறுமை இல்லை.

“ரெண்டாவது பக்கத்தையும் பாருங்க மேடம்” என்றார் திம்மராயன்.

இரண்டாவது குற்றச்சாட்டு, தானியங்கிக் கருவியில் கை வைத்தது. ஆதாரமாக ஒரு வரியைக் கறுப்பெழுத்தில் அடித்திருந்தார்கள். ‘ஆபரேட்டர் தலையீடு முற்றிலும் தவிர்க்கப்பட வேண்டும்.’ அடியில் என் பெயர். என் ஜனவரி அறிக்கை, பக்கம் மூன்று.

அதுவரை பிரபாகர் மேல் இருந்த கோபம் எங்கே போய் முட்டுவது என்று தெரியாமல் நின்றது. அந்த வரி நான் எழுதியதுகூட இல்லை. எல்லா அறிக்கையிலும் இருக்கும், பழைய கோப்பிலிருந்து அப்படியே ஒட்டிய வரி. அதில் ஒருவருடைய வேலை மாட்டிக்கொள்ளும் என்று ஒட்டும்போது தோன்றவில்லை.

“இத எழுதறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா மேடம்? மூணு நாளு அதே ரூம்ல இருந்தீங்க. லேப்டாப்ப விட்டுத் தலைய தூக்கல. நான் ரெண்டு தடவ டீ கொண்டாந்து வெச்சேன்.”

“கேக்கல. தப்பு என் மேலதான்.”

“தண்ணி ஏறுதேன்னு நம்பி மூடினோம்னா அடி காஞ்சிரும். அது ஏறல மேடம், ஏறுற மாதிரி காட்டுது. இத போன்ல எப்பிடிச் சொல்றது? அவரு கத்திட்டே இருக்காரு. நான் போன கீழ வெச்சிட்டு கேஜ் கிளாஸ்ல நெஜத் தண்ணிய பாத்துட்டு நின்னேன்.”

“நாளைக்கு என்ன பண்ணப் போறீங்க?”

“மன்னிப்புக் கடுதாசில கையெழுத்துப் போட்டா திரும்ப எடுத்துக்கறோம்னு சொல்றாங்க. பாய்லர்ல இல்ல, லோடிங்ல.” சுவரைப் பார்த்தார். “போட்டுரலாம்னுதான் இருக்கேன். பையனுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும்.”

நாளைக்கு நானும் வருகிறேன் என்று சொன்னேன். அங்கிருந்து மத்திகிரிக்கு 20 கிலோமீட்டர். தோழி வீட்டில் தங்கி, ஜன்னல் வழியாக டவுன் பஸ்கள் போவதைப் பார்த்தபடி முழு வரைபடத்தையும் பெரிய தாளில் அச்சடிக்க ஏற்பாடு செய்தேன்.

மறுநாள் காலை ஓசூருக்கு 6 கிலோமீட்டர்தான், ஆனால் ஷிப்ட் பஸ்கள் விடும் நேரம், முப்பத்தைந்து நிமிடம் ஆனது. பதினோரு மணி விசாரணைக்கு என்னை யாரும் அழைக்கவில்லை. நானாகவே உள்ளே போய் உட்கார்ந்தேன். பிரபாகர் பெங்களூரோடு கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார், “ஆயித்து, ஆயித்து” என்று முடித்துவிட்டு என்னை முறைத்தார். மேசையில் முழு வரைபடத்தையும் விரித்தேன். அவருடைய படம் எங்கே முடிகிறது, அதற்கு அப்புறம் மட்டம் எப்படி இறங்கியது, அவர் சொன்னபடி வால்வை மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும், அதை இந்த ஜூனில் நான்கு தடவை அவரே எப்படிப் பார்த்தார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். இரண்டாவது குற்றச்சாட்டில் இருக்கும் வரி தவறு, எழுதிய நானே வாபஸ் வாங்குகிறேன் என்று கடிதமும் கொடுத்தேன். எச்.ஆர். அம்மையார் இரண்டாவது குற்றச்சாட்டை அங்கேயே அடித்தார்.

பிரபாகர் வரைபடத்தை நீண்ட நேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

“டெக்னிக்கலா நீங்க சொல்றது சரியா இருக்கலாம். நான் கொறைக்கச் சொன்னேன், இவர் கொறைக்கல. அது உண்மையா இல்லையா?”

“உண்மைதான் சார்” என்றார் திம்மராயன்.

“அப்போ அத எழுதிக் கையெழுத்துப் போடுங்க. ஒரு வார்னிங்கோட முடிச்சுக்கலாம். பாய்லருக்கே போங்க.”

சரியாகச் செய்ததற்கு எச்சரிக்கை! நான் எழுந்தே விட்டேன். திம்மராயன் கையை லேசாகத் தூக்கி என்னை உட்காரச் சொன்னார். அச்சடித்து வைத்திருந்த மன்னிப்புக் கடிதத்தைத் தள்ளிவிட்டு, வெள்ளைத் தாள் கேட்டு வாங்கினார். மெதுவாக, எழுத்துக் கூட்டுவதுபோல் எழுதினார். எழுதியதை எச்.ஆர். அம்மையார் சத்தமாகப் படித்தார். ‘தண்ணீரைக் குறைக்கச் சொன்னார்கள். நான் குறைக்கவில்லை. அதனால் டிரம்மில் தண்ணீர் இருந்தது.’ கீழே கையெழுத்தும், சான்றிதழ் எண்ணும்.

அம்மையார் அதைக் கோப்பில் சேர்த்தார். பிரபாகர் கேட்டது கிடைத்துவிட்டதே, அவரால் மறுக்க முடியுமா?

அன்று மதியமே சூளகிரி லாரி நெரிசலில் ஊர்ந்து, 62 கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்தில் கடந்து ஆலைக்குத் திரும்பினேன். இரவு கிருஷ்ணகிரி பஸ் நிலையம் அருகே 900 ரூபாய் அறை, மின்விசிறி சத்தம் இலவசம். மூன்றாம் நாள் காலை திம்மராயன் பக்கத்தில் இருக்க, மூன்று லைனும் ஓட, எண்களைப் புதிதாகப் போட்டேன். நீராவி ஓட்டத்தையும் கன்ட்ரோலருக்குக் காட்டினேன். நீராவி கூடினால் மட்டம் என்ன சொன்னாலும் தண்ணீரைக் கூட்டச் சொன்னேன். குறைந்த சுமைக்கு ஓர் எண், முழுச் சுமைக்கு வேறோர் எண். மட்டத்தைத் துரத்தும் வேகத்தைக் குறைத்தேன். மதியத்துக்குள் மூன்றாம் லைனை ஏழு தடவை திறந்து பார்த்தோம். ஒவ்வொரு முறையும் முதலில் ராஜம்மாவின் இரண்டு தட்டு, பிறகு திம்மராயனின் ஒரு தட்டு. ஒரு தடவையும் நிற்கவில்லை. கேட்டுக்கு வெளியே டிராக்டர்கள் நகர ஆரம்பித்த பிறகுதான் சேலத்துக்குக் கிளம்பினேன்.

இதே வேலையாக அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: சீசன் இல்லாதபோது போய்க் கன்ட்ரோலரைச் சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போடாதீர்கள். போனால் ஜூன், ஜூலையில் போங்கள், காலை எட்டுக்கு முன் போய்விடுங்கள், பிறகு வாசலில் வண்டி நிறுத்த இடமிருக்காது. யாராவது வரைபடம் காட்டினால் அது எங்கே வெட்டப்பட்டிருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பழைய கோப்பிலிருந்து வரிகளை ஒட்டாதீர்கள். ஆபரேட்டர் டீ கொண்டுவந்து வைத்தால் தலையைத் தூக்குங்கள். பெட்ரோலுக்கு எனக்கு 830 ரூபாய் ஆனது.

திம்மராயன் கோப்பில் அந்த எச்சரிக்கை இன்னும் இருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் எரிகிறது. போன வாரம் அவர் போன் செய்தார். சீசன் முடியப்போகிறது, ஒரு தடவைகூட நிற்கவில்லை என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, “ஒரு சந்தேகம் மேடம். மூணாம் லைன் தொறந்தா ஓசூர்ல இருந்து போன் வந்துரும். இப்பல்லாம் வர்றதே இல்ல. சாருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று கேட்டார்.

உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. என் புதிய அறிக்கையின் ஏழாம் பக்கத்தில் இரண்டு வரிகள் சேர்த்திருக்கிறேன். மூன்றாம் லைன் திறக்கும் முன் குழாயில் இரண்டு தட்டு கட்டாயம் என்பது ஒன்று. கொதிகலன் அறையில் அலாரம் உடனே அடிக்கும், ஓசூர் செல்போனுக்கு மட்டம் நான்கு நிமிடம் தொடர்ந்து உயர்ந்திருந்தால் மட்டுமே செய்தி போகும் என்பது இன்னொன்று. மட்டம் இரண்டரை நிமிடத்தில் இறங்கிவிடுகிறது. பிரபாகர் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.